கரிசல் வீட்டில் எந்தச் செடி நிற்கும்?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் வீடு கட்டி முடித்து வாசலில் நாலு பூச்செடி வைக்க நினைப்பவர்களில் பலர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இரண்டடிக்குக் குழி வெட்டி, கரிசலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, செம்மண்ணையும் மணலையும் போட்டு நிரப்புகிறார்கள். நர்சரியில் வாங்கிய செடி கோடை முழுக்க ஜோராக நிற்கிறது. ஐப்பசியில் நாலு நாள் அடைமழை பிடித்ததும் தலை தொங்குகிறது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் இரண்டு வாளி ஊற்றுகிறார்கள். அத்தோடு செடியின் கதை முடிந்தது.

பழி கரிசல் மேல் விழும். ஆனால், காரியத்தைக் கெடுத்தது குழி. செம்மண்ணில் மழைநீர் சட்டென்று இறங்கிவிடும். சுற்றிலும் அடியிலும் இருக்கிற கரிசல், நனைந்ததும் உப்பி அடைத்துக்கொண்டு, அந்த நீரை மேற்கொண்டு போகவிடாது. குழி தொட்டியாகிவிடுகிறது. மூழ்கிய வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போக, அது தண்ணீரை உறிஞ்சும் வேலையையே நிறுத்திவிடும். அதனால்தான் தண்ணீருக்குள் நிற்கிற செடி தாகத்தில் வாடுவதைப் போலவே வாடுகிறது.

கரிசல் இப்படி உப்புவதற்குக் காரணம் அதிலுள்ள களி. களித்துகள் என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. கரிசலில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் மெல்லிய தகடுகள் அடுக்கியது போன்ற அமைப்பு உடையது. தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் அவை விலகும், மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். இந்தக் கனிமம் ஒரு கிராம் எடுத்து, அதன் தகடுகளின் பரப்பையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 700 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 17 சென்ட் மனை! இவ்வளவு பரப்பிலும் நீரும் சத்தும் ஒட்டிக்கொள்கின்றன. கரிசல் தரித்திரம் பிடித்த மண் அல்ல. கையை இறுக்க மூடிக்கொண்ட பணக்காரன்.

தோட்டத்து மண் களிதானா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிடி மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடாவாக நீட்ட வேண்டும். 5 சென்டிமீட்டர் தாண்டியும் அறுந்து விழவில்லை என்றால் களி மிகுந்த மண். காய்ந்த கட்டி மேல் கொஞ்சம் வினிகர் விட்டு நுரைக்கிறதா என்றும் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

இந்தச் சுண்ணாம்புதான் இட்லிப்பூவுக்கு எமன். இட்லிப்பூ என்கிற வெட்சி, புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. காரத்தன்மையும் சுண்ணாம்பும் கூடிய கரிசலில் இரும்பு இருந்தும் கரையாது, வேருக்கு எட்டாது. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக் குறை. அடியில் உள்ள முதிர்ந்த இலை முதலில் வெளுத்தால் அது தழைச்சத்துக் குறை. இந்த வேறுபாடு தெரியாமல் யூரியா போடுகிறவர்கள் ஏராளம். லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். மண்ணில் தூவினால் சுண்ணாம்பு அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பேசாமல் கரிசலோடு ஒத்துப்போகிற செடியைத் தேடுவது மேல். அதற்குச் செடியை அடையாளம் தெரிய வேண்டும். நர்சரியில் ‘அரளி’ என்று கேட்டால் வேறு வேறு செடிகள் கைக்கு வரலாம். ஒவ்வொரு கணுவிலும் மும்மூன்று இலை இருந்தால் செவ்வரளி வகை. காட்டாறுகளின் கரையில் வளர்ந்து பழகியது. காய்ச்சலையும் வெள்ளத்தையும் தாங்கும். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் நிற்பதும் இதுதான். ஒடுங்கிய இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டைச் சுற்றி ஏறி, மணி போன்ற மஞ்சள் பூ விட்டால் தங்க அரளி. விரல் தடிமனில் சதைப்பற்றான கிளை, நுனியில் மட்டும் பெரிய இலைக்கொத்து என்றால் அது ஈழத்தலரி. நீர் தேங்கினால் அழுகிவிடும். முதல் இரண்டும் கொடிய நஞ்சு என்பதால், குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கு வேண்டாம்.

கவலையில்லாமல் வைக்க நொச்சியும் ஆவாரையும் உண்டு. நொச்சியில் ஒரு காம்பில் மூன்றோ ஐந்தோ சிற்றிலைகள் இருக்கும், அடிப்புறம் வெளிறியிருக்கும், இளந்தண்டு நான்கு பட்டையாக இருக்கும். ஆவாரையை அதே இனத்து மற்ற மஞ்சள் பூச்செடிகளிலிருந்து பிரித்தறிய, இலைக்காம்பின் அடியில் காது மடல் போல விரிந்திருக்கும் இலையடிச் செதிலைப் பார்த்தால் போதும். செம்பருத்தியும் வரும். ஆனால் அது பருத்திக்கு உறவு. பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சி இதிலும் குடியேறும். பருத்திக்காட்டை ஒட்டிய வீடு என்றால் இலையடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நடும்போது வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். வேர்ப்பந்தின் மேல்முகம் தரையைவிட இரண்டு விரற்கடை உயர்ந்தே நிற்க வேண்டும். தோண்டிய கரிசலையே திரும்பத் தள்ளி மூட வேண்டும். மட்கிய தொழுவுரத்தைக் குழிக்குள் திணிக்காமல் மேலே பரப்பி, அதன்மேல் சருகு மூடாக்குப் போட்டால் வெடிப்பும் குறையும், வேர் அறுபடுவதும் குறையும். கால் ஒட்டுகிற ஈரத்தில் மண்வெட்டியைத் தொடவே கூடாது. அப்போது மிதித்த மண் காய்ந்தால் பாளமாகிவிடும். கோடையில் வெடிப்பு விட்ட பிறகு குழாயை வேகமாகத் திறந்தால் நீர் வெடிப்பு வழியே அடியாழத்துக்குப் போய்விடும், மேல்வேர் நனையாது. முதலில் பூவாளியால் தெளித்துவிட்டு, மேல்மண் உப்பி வெடிப்பு ஓரளவு மூடியதும் மறுபடி ஊற்ற வேண்டும்.