தொம்மலூர் வாசலில் ஒரு 'தெருச் சண்டைக்காரன்'!

சொக்கநாத சுவாமி கோயிலின் பழைய தமிழ்க் கல்வெட்டுகளால் நம்மவர்க்குப் பெருமை சேர்க்கும் ஊர் தொம்மலூர். அங்கே என் அக்கா வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ட காட்சி, என்னைத் திடுக்கிட வைத்தது. பழைய சாக்கை விரித்து, அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிளின் அங்கங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான் அக்கா மகன்.

"என்னடா இது? காசு கொடுத்து வாங்கின வண்டியைக் காயலான் கடைக்குப் போடப் போகிறாயா?" என்றேன்.

"இல்லை மாமா, ஸ்ட்ரீட்ஃபைட்டர் ஆக்கப் போகிறேன்" என்றான்.

தெருச் சண்டைக்காரன்! பெயரைக் கேட்டதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிள்ளை ஏதோ ரவுடிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்றே நினைத்திருப்பாள், பாவம்!

பெயர் வந்த கதை

அன்பர்கள் பயப்பட வேண்டாம். பெயரில்தான் சண்டை. பந்தய வண்டிபோல் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு முன்புறமும் பக்கங்களிலும் பிளாஸ்டிக் மேலுறை இருக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போக உதவும் அதற்கு 'ஃபேரிங்' என்று பெயர். வண்டி ஒருமுறை சாய்ந்தாலே அது உடைந்துவிடும். புதிதாக வாங்கப் போனாலோ விலை கையைக் கடிக்கும்.

1980களில் இங்கிலாந்து இளைஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உடைந்த மேலுறையை மாற்றாமல் அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து பிடிக்கும் கைப்பிடிக்குப் பதில் அகலமான நேர் ஹேண்டில்பாரைப் பொருத்தி ஓட்டினார்கள். ஆக, பகட்டுக்குப் பிறந்ததல்ல இது, சிக்கனத்தில் பிறந்தது!

பிறகு கம்பெனிகளே இந்த வழிக்கு வந்தன. 1997இல் டிரையம்ஃப் கம்பெனியின் ஸ்பீட் டிரிப்பிள் வண்டி, இரண்டு வட்ட விளக்குகளை வெளியே காட்டிக்கொண்டு வந்தது. 2009இல் டுகாட்டி தன் வண்டி ஒன்றுக்கு 'ஸ்ட்ரீட்ஃபைட்டர்' என்றே பெயர் வைத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நமக்குப் பக்கத்து ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். கம்பெனி, 2017இல் மேலுறையுள்ள அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியையும், 2023இல் அதே வழியில் மேலுறை இல்லாத ஆர்.டி.ஆர். 310 வண்டியையும் கொண்டுவந்தது. யமஹாவின் ஆர் 15 வண்டிக்கு 2019இல் எம்.டி. 15 என்ற தம்பி பிறந்ததும் இந்த முறையில்தான்.

அக்கா மகன் வாங்கியது 2008இல் முதன்முதலாக வந்த வகையைச் சேர்ந்த பழைய ஆர் 15. ஏற்கெனவே எங்கோ விழுந்து, இடப்பக்க மேலுறை நொறுங்கிப் போயிருந்தது. ஜே.சி. ரோடு கடைகளில் விலை விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். அதுதவிர, தொம்மலூரிலிருந்து சில்க் போர்டு வரை குனிந்தபடியே நெரிசலில் ஊர்ந்து போனால் மணிக்கட்டும் முதுகும் என்னவாகும் என்று இந்நகரத்தில் வாழும் நமக்குச் சொல்லவும் வேண்டுமோ!

கழற்றுவது எளிது, ஆனால்...

அக்கா வீட்டுக்காரர் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனைத் தடுக்கவில்லை. ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் போட்ட முதல் கட்டளை: கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். "ஆகாய விமானத்தில் ஒரு நட்டு மிச்சமானால் என்ன அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். பையன் மறுபேச்சுப் பேசவில்லை.

மேலுறையைக் கழற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பின்னால் ஒளிந்திருந்தவற்றுக்கு இடம் தேடத்தான் வாரக்கணக்கில் ஆனது. ஹெட்லைட்டும் மீட்டரும் மேலுறையைத் தாங்கும் சட்டத்தில் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு லேத் பட்டறையில் புதிய பிராக்கெட் செய்ய வேண்டியதாயிற்று. கொத்துக் கொத்தாக ஒயர்கள் வெளியே வந்தன. பெங்களூர் மழையில் அவை நனைந்தால் நடுவழியில் வண்டி நின்றுவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் உறை போட்டு, ஹேண்டில் திரும்பும்போது நசுங்காத இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். இது தண்ணீரால் குளிரும் எஞ்சின். மேலுறை போனபின் ரேடியேட்டர் நேரே சாலையைப் பார்க்கிறது. முன் சக்கரம் வாரியடிக்கும் கல் பட்டு ஓட்டை விழாமலிருக்க, அதற்குக் கம்பி வலை ஒன்று மாட்டினார்கள்.

ஒரு நிமிடம் நின்ற மூச்சு

ஹேண்டில்பார்தான் பெரிய வேலை. பழைய கைப்பிடிகள் இரண்டு துண்டாக, முன் ஃபோர்க் குழாய்களைக் கவ்விக்கொண்டிருந்தன. நேர் ஹேண்டில்பாரைத் தாங்க, ஃபோர்க்கின் மேல் தகட்டில் வலுவான கிளாம்ப் வேண்டும். கைப்பிடி உயர்ந்தால் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாமே நீளம் போதாமல் இழுபடும். பிரேக் ஹோஸையும் கிளட்ச் கேபிளையும் நீளமாக மாற்றினான். ஆக்ஸிலரேட்டர் கேபிள் மட்டும் எட்டுகிறதே என்று பழையதையே வைத்துக்கொண்டான். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதை!

எல்லாம் பூட்டி முடித்து, 'ஒரு ரவுண்டு போய்வருகிறேன்' என்று ஹெல்மெட்டை எடுத்தான். தகப்பனார் விடவில்லை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். "கையை எடுத்துவிட்டு ஹேண்டிலை வலப்பக்கம் கடைசிவரை திருப்பு" என்றார். ஒன்றும் ஆகவில்லை. "இனி இடப்பக்கம்."

திருப்பினான். யாரும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் உறுமி எழுந்தது!

கேபிள் இழுபட்டு, தானாகவே வேகம் கூடிவிட்டது. இது மேம்பாலத்துக்குக் கீழே, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே திரும்பும்போது நடந்திருந்தால்? நினைக்கவே குலை நடுங்குகிறது. பையன் முகம் வெளுத்துவிட்டது. தகப்பனார் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குப் போய் நீளக் கேபிள் வாங்கி வா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அடுத்த ஞாயிறு கேபிள் மாறியது. பிரேக் ஹோஸில் காற்று இல்லாமல் எடுத்துவிட்டதையும் மறுபடி சோதித்த பிறகே வண்டி தெருவில் இறங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்னொரு பக்கத்தையும் நம் இளைஞர்கள் தெரிந்துகொள்வது அவசியம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் மாற்றினால், விபத்துக் காலத்தில் இழப்பீடு கைக்கு வராமலும் போகலாம்.

'ஹேண்டில்பாரும் மாற்றம்தானே?' என்று கேட்கிறீர்களா? ஆம். அதனால்தான் போக்குவரத்து அலுவலகத்தில் படத்தோடு காட்டிக் கேட்ட பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்று அக்கா வீட்டுக்காரர் முதலிலேயே நிபந்தனை போட்டிருந்தார். டாங்குக்குக் கறுப்படிக்கப் பையனுக்குக் கொள்ளை ஆசை. ஆர்.சி.யில் வேறு நிறம் இருக்கிறதே என்று விட்டுவிட்டான். சைலன்சர், இண்டிகேட்டர், கண்ணாடி, நம்பர் பிளேட் எதிலும் கை வைக்கவில்லை. கழற்றிய பாகங்கள் பரணில் பத்திரமாக இருக்கின்றன.

பின்புறம் அழகாக இல்லையென்று சாரி கார்டையும் கைப்பிடியையும் கழற்றப் பார்த்தான். அவையும் விதிப்படி இருக்க வேண்டியவையே. பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் காப்பது அந்தக் கம்பிதான். இங்கே விதியைவிட அக்காவின் பேச்சு வேலை செய்தது. "நான் உட்காரக் கூடாது என்றால் கழற்றிக்கொள்" என்றாள். கம்பி அங்கேயே இருக்கிறது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்தத் 'தெருச் சண்டைக்காரன்' மேல்தான் அக்கா கோயிலுக்குப் போகிறாள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு!

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஸ்பேனரைக் கையில் எடுத்தால் பிடுங்கி எறியாதீர்கள். ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எதைக் கழற்றலாம் என்பதை அவனே கற்றுக்கொள்வான். எதைக் கழற்றக் கூடாது என்பதைச் சொல்லத்தான் அருகில் ஒரு பெரியவர் வேண்டும்.