நொடிக்கு எட்டாயிரம்: மோடத்துக்கும் ஒளியிழைக்கும் உள்ள கணக்கு

டயல்-அப் மோடத்தின் வேகமும் ஒளியிழை வலையமைப்பின் வேகமும், ஒரு நொடியில் எத்தனை பிட்டுகள் கடக்கின்றன என்ற ஒரே அலகில் அளக்கப்படுவதால், பெரியதைச் சிறியதால் வகுத்தாலே ஒப்பீடு முடிந்துவிடும் என்று தோன்றும். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது தொலைபேசிக் கம்பி வழியே கிடைத்தது நொடிக்கு 9.6 கிலோபிட், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தமான் கடலடிக் கேபிள் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே தருவது 400 கிகாபிட். வகுத்தால் 4 கோடியே 16 லட்சத்தைத் தாண்டுகிறது. மலைக்கவைக்கும் இந்த எண், இரு தொழில்நுட்பங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதைக் காட்டுவதில்லை.

அந்த வேர் தொலைபேசி. பேச்சைப் புரிந்துகொள்ள 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளே போதும் என்று தொலைபேசித் துறை வரையறுத்துக்கொண்டது. ஓர் அலையை எண்களாக மாற்றி, பின்னர் சிதையாமல் மீட்க வேண்டுமானால், அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல் அதை அளந்தாக வேண்டும் என்பதால், சற்று இடம்விட்டு 4,000 ஹெர்ட்ஸை எல்லையாகக் கொண்ட டிஜிட்டல் இணைப்பகங்கள் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் குறித்துக்கொள்கின்றன. ஒரு தொலைபேசி அழைப்புக்கு 64 கிலோபிட் என்ற அடிப்படை அளவு இப்படித்தான் பிறந்தது. 1998இல் வி.90 தரத்தோடு வந்த 56 கிலோபிட் மோடமும் அதே அளவைத்தான் பங்குபோட்டுக்கொண்டது. வீட்டுக் கம்பியின் இரைச்சலுக்கு இடையே அந்த 8 பிட்டுகளில் 7ஐ மட்டுமே நம்பிப் பயன்படுத்த முடிந்தது. 8,000ஐ 7ஆல் பெருக்கினால் வருவது 56,000.

இதைவிட வியப்பானது, ஒளியிழைக்குள்ளும் அதே 8,000 துடித்துக்கொண்டிருந்தது என்பது. இணைப்பகங்களை இணைத்த ஒளியிழைத் தடங்களுக்கு உலகெங்கும் வகுக்கப்பட்ட எஸ்.டி.எம்-1 என்ற தரத்தில், தரவு 9 வரிசைகளும் 270 நிரல்களும் கொண்ட சட்டகங்களாக அடுக்கப்பட்டு, நொடிக்குச் சரியாக 8,000 சட்டகங்கள் வீதம் அனுப்பப்படுகிறது. ஒரு சட்டகத்தில் 2,430 பைட்டுகள், அதாவது எட்டெட்டாகக் கட்டப்பட்ட பிட்டுகள். ஒவ்வொரு பைட்டின் இடமும் ஓர் அழைப்புக்கான 64 கிலோபிட். இவற்றில் ஒரு பகுதி கண்காணிப்புக்குச் செலவாகும் என்றாலும், மொத்தம் 155.52 மெகாபிட் என்ற அந்த விநோத எண் 2,430ஐ 64ஆல் பெருக்கியதன்றி வேறில்லை. 56 கிலோபிட் மோடத்தால் அதை வகுத்தால் ஏறத்தாழ 2,777 கிடைக்கும்.

வகுக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம், பிட்டும் பைட்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் 5 மெகாபைட் புகைப்படம் ஒன்று 4 கோடி பிட்டுகள். 56 கிலோபிட் மோடம் தன் முழு வேகத்தில் இயங்கினாலும் அதைக் கொண்டுவர ஏறக்குறைய 12 நிமிடம் எடுக்கும், 100 மெகாபிட் ஒளியிழை அரை நொடிக்குள் முடித்துவிடும். ஆயினும் ஒளியிழையில் ஒவ்வொரு பிட்டும் கம்பியில் செல்வதைவிடப் பல மடங்கு விரைந்து ஓடுவதாகக் கருதக் கூடாது: கண்ணாடிக்குள் ஒளியும், செப்புக் கம்பியில் மின்குறிகையும், ஏறத்தாழ ஒரே வரம்பில், நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டரை ஒட்டியே பயணிக்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலையை அகலப்படுத்தியபோது கூடியது வண்டிகளின் எண்ணிக்கைதானே!

எவ்வளவு அகலம் தேவை என்பது எதை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. அதற்கு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை அங்கு நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவிலும் மகளிர் பிரிவிலுமாக ஏறத்தாழ 346 அணிகள் ஆடின. அணிக்கு நான்கு பேர் வீதம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 692 பலகைகள். ஒரு காய் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குச் சென்றது என்பதைச் சொல்ல, 64 கட்டங்களில் ஒன்றைக் குறிக்க 6 பிட் வீதம், 12 பிட் போதும். எந்தப் பலகை என்று சொல்ல இன்னும் 10 பிட். பலகைக்கு நிமிடத்துக்கு ஒரு நகர்த்தல் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்த ஒலிம்பியாடுக்கும் தேவைப்படுவது நொடிக்குச் சராசரியாக ஏறத்தாழ 254 பிட் மட்டுமே. 1995இன் 9.6 கிலோபிட் இணைப்பு ஒன்றே அத்தனை ஆட்டங்களையும் உலகுக்குச் சொல்லியிருக்கும், அதன் பெரும்பகுதி காலியாகவே கிடந்திருக்கும். ஆட்டக்காரரின் முகத்தை நொடிக்கு 5 மெகாபிட் அளவில் காணொளியாகக் காட்டும் ஒரே ஒரு கேமராவுக்கோ 56 கிலோபிட் மோடங்கள் 90ஐ ஒருசேரப் பூட்ட வேண்டும். அந்த ஒரு காணொளி செல்லும் பாதையில் 692 பலகைகளின் நகர்த்தல்களை ஏறத்தாழ 19,700 மடங்கு அனுப்பலாம்.