வாலுள்ள கோதுமை

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கியதும், கடலூரை அடுத்த குடிகாட்டில் எங்கள் வீட்டு அடுப்பில் விடியற்காலையிலேயே பார்லிக் கஞ்சி ஏறிவிடும். சிதம்பரத்துக்குப் போனவர்கள் மளிகைக் கடையில் ‘பார்லி அரிசி’ என்று கேட்டு வாங்கிவந்த மணிகளை முதல் நாள் இரவே ஊறவைத்து, அவை மலர்ந்து வெடிக்கும்வரை கொதிக்கவிட்டு, வடித்த நீரில் உப்பும் மோரும் கலந்து பாட்டி கொடுப்பாள். வடிகட்டியில் தங்கிய மணிகள் பசுவின் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். நீர்க்கடுப்புக்கும் பிள்ளைத்தாய்ச்சியின் கால் வீக்கத்துக்கும் உரிய ஔஷதம் என்ற அளவிலேயே நாங்கள் அறிந்திருந்த அந்தத் தானியம், மக்காச்சோளம், கோதுமை, நெல் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக உலகில் மிகுதியாக விளைவது என்பதை நான் தெரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று.

கடையில் கிடைப்பது உமியும் தவிடும் தீட்டப்பட்ட மணி. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், வயிற்றின் நடுவே கரும்பழுப்பாக ஒரு கோடு ஓடும். தீட்டும் கல்லுக்கு எட்டாமல் பள்ளத்தில் தங்கிவிட்ட தோல் அது. வயலில் நிற்கும்போதோ ஒவ்வொரு மணியின் நுனியிலும் நீண்ட கூர் ஒன்று வால்போல் நீண்டிருப்பதால், வாற்கோதுமை என்று நம் முன்னோர் பொருத்தமாகவே பெயரிட்டார்கள். வேதகால யாகங்களில் இடம்பெற்ற யவமும் இதுவே.

சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் காட்டுப்புல்லாக இருந்த இதன் கதிர், முற்றியவுடன் கணுக்கணுவாக உடைந்து மணிகளை மண்ணில் சிதறவிடும். அது செடியின் வம்சவிருத்திக்கு நல்லது, அறுக்க வந்தவனுக்கு நஷ்டம். உடையாத கதிர் எப்போதோ ஒரு செடியில் தற்செயலாகத் தோன்ற, அரிவாளோடு வந்தவன் கைக்கு அதுவே மிகுதியாக அகப்பட, அதையே அவன் மறுபடியும் விதைக்க, சிறுகச் சிறுக அது பயிராயிற்று. கணுவுக்கு மூன்று பூ இருந்தும் நடுப்பூ மட்டுமே மணி பிடிப்பது இருவரிசைப் பார்லி. ஒரே ஒரு மரபணு பழுதுபட்டதால் பக்கப் பூக்களும் மணி பிடித்தது அறுவரிசைப் பார்லி. இயற்கை தந்த பழுதுகளுக்காகக் காத்திராமல், 1928-இல் அமெரிக்கரான ஸ்டாட்லர் பார்லி விதைமீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் புதிய மாறுதல்களை உண்டாக்கிக் காட்டினார். காமா கதிர் பாய்ச்சிய விதையிலிருந்து 1960-களில் பிரிட்டனில் வந்த ‘கோல்டன் பிராமிஸ்’ என்ற குட்டை ரகம், ஸ்காட்லாந்து வயல்களில் நெடுங்காலம் பேர்பெற்றிருந்தது.

தானியங்களுள் உவரை மிகுதியாகத் தாங்குவது பார்லி. பழைய மெசொப்பொத்தேமியாவின் தென்பகுதியில் பாசன நிலம் உவர்க்க உவர்க்க, உழவர்கள் கோதுமையைக் குறைத்துப் பார்லியைப் பெருக்கினார்கள் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். அப்படியானால் எங்கள் ஊர் உப்பனாற்றங்கரைக்கு இதைவிட ஏற்ற பயிர் உண்டா என்ற ஆசை எனக்கும் எழுந்ததுண்டு. ஆனால் உப்பைப் பொறுக்கும் இந்தச் செடி, தேங்கிய நீரைப் பொறுப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் அழுகும், தப்பிப் பிழைத்தாலும் மணி பால் பிடிக்கும் பருவத்தில் வேண்டிய குளிர் நம் கரையோரத்தில் இராது.

தமிழ்நாட்டில் அந்தக் குளிர் உள்ள நீலகிரியில் படகர்கள் இதை ஒரு காலத்தில் பயிரிட்டுவந்தார்கள். பிறகு உருளைக்கிழங்கும் தேயிலையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அம்மலைக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. கோதுமையையும் பார்லியையும் தாக்கும் துருநோய்ப் பூசணம், வடநாட்டுச் சமவெளியின் கோடை வெயிலில் மாண்டுபோயும், அடுத்த பருவத்தில் எங்கிருந்து முளைக்கிறது என்பது புரியாத புதிராக இருந்தது. நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில் அது பிழைத்திருந்து காற்றில் பரவுகிறது என்பதை ஆக்ராவைச் சேர்ந்த கே. சி. மேத்தா நெடுநாள் ஆராய்ச்சியால் தெளிவுபடுத்தினார்.

நாடு குடியரசான காலத்தில் இந்தியாவில் சுமார் 30 லட்சம் ஹெக்டேரில் விளைந்த பார்லி, பாசனமும் பசுமைப் புரட்சியின் கோதுமையும் பரவியபின் ஏறத்தாழ 6 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. ராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும் முக்கியமாக இதைக் காப்பாற்றிவருகின்றன. ஹரியானாவின் கர்னாலில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் புதிய ரகங்களை உருவாக்குகிறது. உலகில் விளைவதில் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகிறது, அடுத்த பங்கு மால்ட் ஆகிறது. பச்சிளங் குழந்தைக்காகக் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைக்கும் நம் தாய்மார்களுக்கு மால்ட் புதிதல்ல: ஊறவைத்து, சில நாள் முளைக்கவிட்டு, அனலில் உலர்த்தினால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி மணிக்குள் ஊறுகிறது. 1833-இல் பாயன், பெர்சோ என்ற பிரெஞ்சு ரசாயனிகள் அந்த நொதியை மால்ட்டிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். பீருக்கு மூலம் மால்ட்டே. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையிலிருக்கும் ஹார்லிக்ஸ் புட்டியிலும் அதுவே.

பார்லியில் உள்ள பீட்டா-குளுக்கான் என்ற வழவழப்பான நார்ச்சத்து ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. அது தவிட்டில் மட்டும் அடங்காமல் மணி முழுவதும் பரவியிருப்பதால், தீட்டிய பின்னும் மிஞ்சுகிறது. கோதுமைப் பசை ஒவ்வாதவர்களுக்கு மட்டும் பார்லி ஆகாது.

எங்கள் வீட்டில் இப்போது கஞ்சியை வடிப்பதில்லை. மலர்ந்த மணிகளை நீரோடு சேர்த்தே மத்தால் மசித்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, மாவடுவைக் கடித்துக்கொண்டு குடிக்கிறோம். கழுநீர்த் தொட்டிக்கு அரிசி களைந்த தண்ணீர் மட்டுமே போகிறது.