பெட்டிக்குள் சிரிப்பு!

மதுரை ஆனையூரில் ஒரு வீடு. பாட்டி தனியாக டெலிவிஷனில் நகைச்சுவை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பலர் 'கொல்'லென்று சிரிக்கும் சத்தம்!

"யாருடா சிரிக்கிறது?" என்று உள்ளே இருந்த பேரனைக் கேட்டாள்.

கொட்டகையில் நாலு பேர் சிரித்தால் நமக்கும் சிரிப்பு வரும். வீட்டில் தனியே பார்ப்பவருக்கு அந்தத் துணை இல்லை. அமெரிக்காவில் 1953-ல் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் ஒரு பெட்டி செய்தார். எப்போதோ, எதற்கோ, யாரோ சிரித்த சிரிப்புகள் அதில் பதிவாகி இருந்தன. ஒரு விசையை அழுத்தினால் கலகலச் சிரிப்பு. இன்னொன்றை அழுத்தினால் வெடிச்சிரிப்பு! இந்த வித்தை பிறகு தமிழ் நாடகங்களுக்கும் வந்தது.

பேரன் விளக்கினான். "அட, கடன் வாங்கின சிரிப்பா!" என்றாள் பாட்டி. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். பெட்டிச் சிரிப்பு எதற்கு?