மூலக்கூறில் எழுதினால் யார் அழிப்பது?

பினாங்கின் ஈரக்காற்றில் காகிதம் பூஞ்சை பிடிக்கிறது. ஹார்டு டிஸ்க்கும் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. அப்படியானால் ஜார்ஜ் டவுனின் பழைய ஆவணங்களை எதில் வைப்பது? டிஎன்ஏவில் வைக்கலாம். 0, 1 என்ற இலக்கங்களை ஏ, சி, ஜி, டி எழுத்துகளாக மாற்றி, அந்த வரிசையில் இழைகளைச் செயற்கையாகத் தொகுக்கிறார்கள். 2012இல் மரபியலாளர் ஜார்ஜ் சர்ச்சின் குழு ஒரு நூலையே இப்படிப் பதிவு செய்தது. ஈரம் டிஎன்ஏவையும் சிதைக்கும் என்பதால், 2015இல் சூரிச் ஆய்வாளர்கள் அதைக் கண்ணாடித் துகள்களுக்குள் அடைத்துக் காட்டினார்கள்.

இது உயிரோடு விளையாடுவது என்பார்கள் சிலர். செல் இல்லாத இழை உயிரல்ல. தானாகப் பெருகவும் செய்யாது. கவலைப்பட வேண்டியது அதன் ஆயுளைப் பற்றித்தான். ஒருவரின் மருத்துவப் பதிவு நூற்றாண்டுகள் நிலைத்து, ஒரு துளியில் எண்ணற்ற நகல்களாக இருக்குமானால், அவர் பின்னால் ஒப்புதலைத் திரும்பப் பெறுவது எப்படி? செலவு அதிகம், அவசரமில்லை என்பது சரியான பதிலல்ல. விலை குறையும்வரை சட்டம் காத்திருக்கக் கூடாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதே இல்லை.