பேக்கப் ஓடினால் ஏன் அலறுகிறது?

மலேசிய வருமான வரிக்கான பாரம் பி அனுப்ப ஜூன் 30 கெடு. ஆனால் இந்த வாரக் கடிதங்களில் வரிச் சந்தேகத்தை வேறொன்று முந்திவிட்டது. "பேக்கப் ஓடும்போதெல்லாம் ஆண்டிவைரஸ் கத்துகிறது, அணைத்துவிடலாமா?" பிரிக்பீல்ட்ஸ் கணக்காளர் ஒருவரும் கிள்ளான் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரும் சொல்லிவைத்தாற்போல் கேட்டிருக்கிறார்கள். கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது வரிச் சட்டம். பேக்கப்பை நிறுத்த வழியில்லை.

கத்துவதிலும் நியாயம் இருக்கிறது. கடை அடைத்தபின் பேக்கப் மென்பொருள் என்ன செய்கிறது? ஆயிரக்கணக்கான கோப்புகளை மளமளவென்று திறக்கிறது, சுருக்குகிறது, பூட்டி எழுதுகிறது, விண்டோஸ் எடுத்துவைத்த பழைய நிழல் நகல்களைக்கூட அழிக்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரின் நடையும் ஏறக்குறைய இதேதான். சாவி யார் கையில் என்பதில்தான் வித்தியாசம். நடத்தையை வைத்துச் சந்தேகப்படும் ஆண்டிவைரஸுக்கு அது தெரிய வழியில்லை.

2022 செப்டம்பர் 4 அன்று மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், குரோமைத் திறந்தாலே 'ஹைவ்' என்ற நச்சுநிரல் என்று அலறியது. புது அப்டேட் வந்ததும் அடங்கியது. அது பொய் எச்சரிக்கை, சரி. மறுவருடம் மார்ச் 22 முதல் 3சிஎக்ஸ் தொலைபேசிச் செயலிக்கும் எச்சரிக்கை வந்தது. நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதே, பிறகென்ன என்று பலர் விட்டுவிட்டார்கள். மார்ச் 29இல் குட்டு வெளிப்பட்டது: நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் அப்டேட்டிலேயே நச்சைக் கலந்திருந்தார்கள். கையொப்பம் அசல்தான்! விளம்பரத்தில் 'நம்பகமான மென்பொருள்' என்று கண்டால் 'இதுவரை மாட்டாதது' என்று படிப்பது அதிலிருந்து என் வழக்கம்.

என்னை உறுத்துவது, ஆண்டிவைரஸ் சோதிக்காமல் விடவேண்டியவற்றைக் குறிக்கும் விதிவிலக்குப் பட்டியல். தொல்லை தாங்காமல் டி டிரைவ் முழுவதையும் அதில் போட்டிருந்த ஓர் அலுவலகத்தைப் பார்த்தேன். அலறல் நின்றுவிட்டது, கூடவே அந்த டிரைவில் எது வந்து உட்கார்ந்தாலும் சோதனையும் கிடையாது. விலக்கு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பேக்கப் செயலியின் அந்த ஒரு நிரல் கோப்புக்கு மட்டும் கொடுங்கள். அதுவும் பேக்கப் நிறுவனம், ஆண்டிவைரஸ் நிறுவனம் இரண்டிடமும் எழுதிக் கேட்டபிறகு.

அணைத்துவிடலாமா? கூடாது.

கோப்பைப் பல ஆண்டிவைரஸ்களால் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்க்கலாமா? நிரல் கோப்பை மட்டும். வாடிக்கையாளர் கணக்குகளை அங்கே ஏற்றாதீர்கள்.

பதில் வரும்வரை பேக்கப்? வெளி ஹார்ட் டிஸ்க்கில் கையால் நகலெடுங்கள். முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள்.