மேல் டிவிஷனுக்கு ஏறிய கிளப் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

2022 மே 14 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் கோகுலம் கேரளா 2-1 என்ற கணக்கில் முகமதன் ஸ்போர்ட்டிங்கை வென்று, தொடர்ந்து இரண்டாவது முறையாக ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. கோழிக்கோட்டில் கொண்டாட்டம். ஆனால் அடுத்த சீசனிலும் கோகுலம் அதே ஐ-லீக்கில்தான் ஆடியது. மேலே இருந்த ஐ.எஸ்.எல்.லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) போகும் கதவு அப்போது திறக்கவில்லை. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு முன்னிலையில் பேசி முடித்த திட்டப்படி, ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறுவது 2022-23 சீசன் முதல்தான். ஒரே ஒரு வருட வித்தியாசத்தில் கேரளத்தின் கிளப் அந்த வாய்ப்பைத் தவறவிட்டது. கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் பந்து பார்க்கிறவர்களுக்கு அந்த ஆற்றாமை இன்னும் இருக்கும், எனக்கும் இருக்கிறது.

அந்தக் கதவு வழியாக முதலில் நுழைந்தது பஞ்சாப் எஃப்.சி. அடுத்த வருடம் முகமதன் ஸ்போர்ட்டிங். ஒன்று நின்றது, இன்னொன்று கடைசி இடத்தில் முடிந்தது. புதிதாக ஏறிய கிளப் மேலே தாக்குப்பிடிக்க என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துகொள்ள, நம் நாட்டில் இந்த இரண்டைவிட நல்ல பாடம் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2022-23 ஐ-லீக்கில் பஞ்சாப் 22 ஆட்டத்தில் 52 புள்ளி எடுத்தது. தோற்றது இரண்டே ஆட்டம். அடுத்த சீசனில் ஐ.எஸ்.எல்.லில் அதே 22 ஆட்டம்: 6 வெற்றி, 6 டிரா, 10 தோல்வி, 24 புள்ளி. 12 அணிகளில் எட்டாவது இடம். இதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை, நல்ல அறிமுகம் என்றுதான் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற விகிதத்தைப் பிடித்துவிட்டால் எந்த லீக்கிலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 2022-23ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 38 ஆட்டத்தில் 38 புள்ளி எடுத்துத் தப்பியது. எவர்ட்டன் 36 எடுத்தே தப்பியது.

அதாவது, ஏறிய கிளப் பாதிக்குப் பாதி தோற்கலாம். ஆனால் வருடம் முழுக்க ஜெயித்துப் பழகிய டிரெஸ்ஸிங் ரூமுக்கு, மூன்று வாரம் தொடர்ந்து தோற்று நாலாவது வாரம் அதே தெம்போடு இறங்கத் தெரிய வேண்டும். ஏறிய கிளப் செய்கிற எல்லா ஆயத்தமும், ஆள் எடுப்பது, கோச்சை வைத்துக்கொள்வது, சம்பளம் கொடுப்பது என எதை எடுத்தாலும், கடைசியில் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் வந்து சேரும்: தோற்கும்போது உடையாமல் இருப்பது.

பஞ்சாபுக்கு அது சீசன் தொடங்கும் முன்பே தெரிந்துபோனது. 2023 ஆகஸ்டில் டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானிடமும் ஈஸ்ட் பெங்காலிடமும் தோற்றது. செப்டம்பர் 23 அன்று ஐ.எஸ்.எல். முதல் ஆட்டத்தில் அதே மோகன் பகானிடம் 1-3. அதன் பிறகும் வெற்றி வரவில்லை. அக்டோபர் போனது, நவம்பர் போனது. டிசம்பரில் சென்னையின் எஃப்.சி.யை 1-0 என்று வென்றதுதான் முதல் வெற்றி. ஏறக்குறைய மூன்று மாதம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. நம் ஊர்களில் ஒரு கிளப் கமிட்டி இதைப் பொறுத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பஞ்சாப் நிர்வாகம் பொறுத்தது. ஐ-லீக்கை வென்று கொடுத்த கிரேக்க கோச் ஸ்டைகோஸ் வெர்கெட்டிஸை மாற்றவில்லை. அவர் சீசன் முடியும்வரை இருந்தார். கடைசி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலை 4-1 என்று அடித்துத்தான் சீசனை முடித்தார்கள். அந்த அணி எட்டு மாதத்தில் எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு அந்த ஸ்கோரே போதும்.

ஆள் எடுப்பதிலும் பஞ்சாப் ஒரு தெளிவோடு இருந்தது. ஏறிய அணியை மொத்தமாகக் கலைக்கவில்லை. ஸ்லோவேனிய ஸ்ட்ரைக்கர் லூகா மைசென் இருந்தார், ஸ்பெயின்காரர் ஹுவான் மேரா இருந்தார். மைசெனைக் கேரளத்தில் தெரியாதவர்கள் இருக்க முடியாது. 2022ல் கோகுலத்தோடு ஐ-லீக் வென்றவர், 2023ல் பஞ்சாபோடு மறுபடியும் வென்றவர். கோகுலத்துக்குத் திறக்காத கதவு வழியாக உள்ளே போய், பஞ்சாபின் முதல் ஐ.எஸ்.எல். கோலை அவரே அடித்தார். இப்படிப்பட்ட ஆள் டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பதன் மதிப்பு கோல் கணக்கில் மட்டும் தெரியாது. போன வருடம் எப்படி ஆடினோம், யார் எந்தப் பக்கம் ஓடுவார்கள், எந்தப் பாஸ் எப்போது வரும் என்பது இவர்கள் காலில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பழைய எலும்புக்கூட்டின் மேல்தான் புது ஆட்களைச் சேர்த்தார்கள். டிஃபென்ஸில் கிரேக்கர் டிமிட்ரியோஸ் ஹட்ஸிசையாஸ். முன்னால் கொலம்பியாவின் வில்மார் ஜோர்டான், ஏற்கெனவே ஐ.எஸ்.எல்.லில் ஆடியவர். நடுவில் பிரெஞ்சுக்காரர் மதி தலால். அந்த சீசனில் லீக்கிலேயே அதிக அசிஸ்ட் தலாலுடையது: 10. கீழ் லீக்கில் பந்தை நாமே வைத்துக்கொண்டு ஆடலாம். மேலே பந்து எதிராளியிடம்தான் அதிகம் இருக்கும். கிடைக்கிற நாலைந்து வாய்ப்பில் ஒன்றைக் கோலாக மாற்றும் பாஸ் கொடுக்க ஒருவர் வேண்டும். தலால் அந்த வேலையைச் செய்தார். வெளிநாட்டு வீரர்களில் ஒரு நேரத்தில் களத்தில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பதால், யாரை எந்த இடத்தில் செலவழிப்பது என்பதே பெரிய முடிவு. நாலையும் முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் கதவைத் திறந்து வைக்கிற கிளப் கீழே போகும்.

இங்கே செவன்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டில் செவன்ஸ் சீசன் வந்தால் ஒரு டோர்னமென்ட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஸ்ட்ரைக்கரைக் கூட்டி வந்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி இறக்கிவிடலாம். சின்ன மைதானம், ஏழு பேர், ஒருவர் நன்றாக ஆடினால் கோப்பை வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு லீக்கைப் பார்ப்பவர்கள், ஏறிய கிளப் ஏன் பெரிய ஸ்டாரை வாங்கவில்லை என்று கேட்கிறார்கள். லீக் ஏழெட்டு மாதம் ஓடுகிறது. கொச்சியில் ஆடிவிட்டு குவாஹாட்டிக்குப் பறக்க வேண்டும், நாலு நாளில் மறுபடியும் இறங்க வேண்டும். முதல் பதினொரு பேரில் இருவருக்குக் காயம், ஒருவருக்கு நாலு மஞ்சள் அட்டை என்றால் பெஞ்சில் இருப்பவர் யார் என்பதுதான் அந்த வார முடிவைச் சொல்லும். மூணாறில் ஃபின்லே ஷீல்டு ஆடுகிற எஸ்டேட் அணிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வருடக்கணக்காக ஒன்றாக ஆடுகிறவர்களைச் சாய்ப்பது சுலபமல்ல.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2022ல் ஏறிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஒரே கோடையில் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களை வாங்கியது. பிழைத்தும் விட்டது, ஆனால் நூலிழையில். அதே வருடம் ஏறிய போர்ன்மவுத், லிவர்பூலிடம் 0-9 என்று தோற்று, உடனே கோச்சை மாற்றி, 15வது இடத்தில் முடிந்தது. ஆக, கோச்சை மாற்றினாலும் தப்பிக்கலாம். ஆனால் அடுத்த இரண்டு வருடம் பாருங்கள்: 2023ல் ஏறிய பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட், லூட்டன் மூன்றும் உடனே இறங்கின. 2024ல் ஏறிய லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் இறங்கின. அங்கே கடைசி இடத்தில் முடிகிற கிளப்புக்கே டிவி வருமானத்தில் 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. இவ்வளவு பணம் இருந்தும் ஆறில் ஆறும் விழுந்தன. இறங்கினால் சம்பளம் குறையும் என்ற ஷரத்தை வீரர்களின் காண்ட்ராக்டில் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். விழுந்தால் கிளப் திவாலாகாமல் இருக்க அது உதவுகிறது. விழாமல் இருக்க உதவுவதில்லை.

இப்போது முகமதனுக்கு வருவோம். 1891ல் தொடங்கிய கிளப், கொல்கத்தாவின் பெரிய மூன்றில் ஒன்று. 2024 ஏப்ரலில் ஷில்லாங்கில் லாஜோங்கை 2-1 என்று வென்று ஐ-லீக்கை உறுதி செய்தது. கோச் ரஷ்யாவின் ஆண்ட்ரே செர்னிஷோவ். ரசிகர்கள் நிறைய, வரலாறு நிறைய. ஐ.எஸ்.எல்.லிலும் தொடக்கம் மோசமில்லை. செப்டம்பர் 26 அன்று சென்னைக்கு வந்து சென்னையின் எஃப்.சி.யை 1-0 என்று அடித்தார்கள். பஞ்சாப் மூன்று மாதம் காத்திருந்த முதல் வெற்றி இவர்களுக்கு முதல் மாதத்திலேயே வந்தது.

ஆனால் சீசன் முடிந்தபோது 24 ஆட்டத்தில் மொத்தமே 2 வெற்றி, 7 டிரா, 15 தோல்வி. 13 புள்ளி, 13 அணிகளில் 13வது இடம். நடுவில் என்ன ஆனது? சம்பளம் வரவில்லை. முதலீட்டாளர்களுக்கும் கிளப்புக்கும் இடையே பிரச்சினை என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. 2025 ஜனவரியில், சம்பளப் பாக்கியைக் காரணம் சொல்லி செர்னிஷோவ் விலகினார். மெஹ்ராஜுதீன் வாடூ பொறுப்பேற்று சீசனை முடித்தார். தோற்ற அணி திங்கள்கிழமை காலை பயிற்சிக்கு வர வேண்டும். வீட்டு வாடகை கட்ட முடியாத வீரன் எந்த மனதோடு வருவான்? ஏறிய கிளப்பின் ஆயத்தத்தில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஸ்ட்ரைக்கரைச் சொல்ல மாட்டேன். அந்த சீசன் முழுவதற்கும் சம்பளப் பணத்தை வங்கியில் போட்டு வைப்பதைத்தான் சொல்வேன்.

இங்கே இன்னொரு உண்மையும் உண்டு. ஐ.எஸ்.எல்.லில் அப்போது தரமிறக்கம் நடைமுறையில் இல்லை. அதனால் முகமதன் கீழே போகவில்லை. கடைசியில் முடிந்தாலும் பிழைத்தது போலத்தான். இது கருணை போலத் தெரியும், ஆனால் நல்லதல்ல. இறங்குவோம் என்ற பயம் இல்லாத இடத்தில் பாக்கியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வளர்கிறது.

மைதானமும் பெரிய தலைவலி. ஐ.எஸ்.எல்.லில் ஆட லைசென்ஸ் வேண்டும். அதற்கு மைதானம், விளக்கு, இளையோர் அணி, கணக்கு வழக்கு எல்லாம் பார்க்கிறார்கள். பஞ்சாப் தன் சொந்த மண்ணில் ஆட முடியாமல் முதல் சீசனை டில்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் ஆடியது. பெயர் பஞ்சாப், வீடு டில்லி. பத்தாயிரம் பேர் கத்துகிற சொந்த மைதானம் ஒரு டிராவை வெற்றியாக்கும். அந்த உதவி இல்லாமலே அவர்கள் எட்டாவது வந்தது எனக்கு ஆச்சரியம்தான். இங்கிலாந்திலும் லூட்டன் தன் பழைய மைதானத்தின் ஒரு பக்கத்தை இடித்துக் கட்டி முடிப்பதற்குள் முதல் ஹோம் மேட்ச்சே தள்ளிப்போனது.

வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் நமக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் கோயம்புத்தூர். சென்னை சிட்டி எஃப்.சி. கீழ் டிவிஷனிலிருந்து ஏறி வரவில்லை, 2017ல் ஐ-லீக்கில் நேரடியாக இடம் பெற்றது. ஆனால் புதிய கிளப்பின் சிரமம் எல்லாம் அதற்கும் உண்டு. முதல் சீசன் எட்டாவது. இரண்டாவது சீசனில் வீட்டை சென்னையிலிருந்து கோவை நேரு மைதானத்துக்கு மாற்றினார்கள், மறுபடியும் எட்டாவது. அந்த இரண்டு வருடத்தில் தமிழக இளைஞர்களை ஆட வைத்து வளர்த்தார்கள். மைக்கேல் சூசைராஜ் அப்படிக் கவனத்துக்கு வந்து ஐ.எஸ்.எல்.லுக்குப் போனவர். மூன்றாவது சீசனில் சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ் ஸ்பெயினிலிருந்து நால்வரைக் கொண்டுவந்து, எட்வின் சிட்னி போன்ற உள்ளூர் வீரர்களோடு சேர்த்தார். பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்து சாம்பியன். அந்த மினர்வாதான் பின்னால் பெயரும் உரிமையாளரும் மாறி பஞ்சாப் எஃப்.சி. ஆனது.

கேரளத்தின் சொந்தக் கதை அவ்வளவு இனிமையானதல்ல. விவா கேரளா 2007-08ல் ஐ-லீக்கின் முதல் சீசனிலேயே ஆடி, அதே சீசனில் இறங்கியது. 2009ல் மறுபடியும் ஏறியது. இந்த முறை இரண்டு சீசன் தாக்குப்பிடித்தது. 2011ல் புது உரிமையாளர் வந்து சிராக் யுனைடெட் கேரளா என்று பெயர் மாறியது. அந்த ஒரே சீசனில் மறுபடி இறங்கிப் போனது. முதல் முறை விழுந்து, அடுத்த முறை நின்ற அந்த இரண்டு வருடத்தை நான் மதிக்கிறேன். ஒருமுறை இறங்கியவர்களுக்கு மேலே எவ்வளவு வேகம், எவ்வளவு உடல் பலம் தேவை என்பது தெரிந்திருக்கும்.

அடுத்து ஏறுகிற கிளப்பைக் கவனிக்க விரும்புகிறவர்கள் முதல் பத்து ஆட்டத்தில் புள்ளிப் பட்டியலைப் பார்க்க வேண்டாம். கடைசி கால்மணி நேரத்தில் எத்தனை கோல் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அது உடல் தகுதியையும் பெஞ்சையும் சொல்லும். கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் எத்தனை கோல் அடிக்கிறார்கள் என்று பாருங்கள். பந்து குறைவாகக் கிடைக்கிற அணிக்கு மலிவான கோல் அங்கேதான் இருக்கிறது. ஜனவரி டிரான்ஸ்ஃபரில் ஓட்டையை அடைக்கிறார்களா, ஆளை விற்கிறார்களா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நேரம் வேண்டும். ஏப்ரலில் கோப்பை வென்றால் செப்டம்பருக்குள் அணி, மைதானம், லைசென்ஸ், பணம் எல்லாம் தயாராக வேண்டும். நாலு, ஐந்து மாதம்தான். 2024-25 ஐ-லீக்கில் இன்டர் காசிக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஏப்ரலில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மேல்முறையீட்டுக் குழு எடுத்த முடிவால் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டது. இன்டர் காசி சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் வாதாடி, 2025 ஜூலை 18 அன்றுதான் சாம்பியன் பட்டத்தைப் பெற்றது. எந்த டிவிஷனில் ஆடப்போகிறோம் என்றே தெரியாமல் மூன்று மாதம் போனது. தீர்ப்பு வந்த அதே மாதத்தில் ஐ.எஸ்.எல். நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. எந்தத் தேதியில் முதல் ஆட்டம் என்று தெரியாத கிளப் எந்த வீரருக்கு, எத்தனை மாதத்துக்குக் காண்ட்ராக்ட் எழுதும்?